ரேக்கை மாற்றுவதற்கு முன் ஆட்டம் எந்த மூட்டில் என்று கையால் தொட்டுப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கார் 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் அசைத்தாலும் வண்டி திரும்புவதில்லை, மேடு பள்ளத்தில் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம், கூடவே லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. பட்டறையில் ஒருவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "ரேக் போயிடுச்சு, மொத்தமா மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார். அது உண்மையா, நீங்களே எப்படிப் பார்ப்பது, எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது. இவ்வளவுதானே?

ரேக், அதாவது ஸ்டீயரிங் திரும்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் வெட்டிய கம்பி, போயிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சக்கரத்தைத் தூக்காமல், ஒரு மூட்டையும் தொட்டுப் பார்க்காமல், ஓட்டிப் பார்த்ததை மட்டும் வைத்து ரேக் என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் கைக்கும் டயருக்கும் நடுவில் குறைந்தது ஏழெட்டு மூட்டுகள் இருக்கின்றன, அதில் எது தேய்ந்தாலும் ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதிலும் ரேக்கின் பல் தேய்வதுதான் அபூர்வம், அதன் இரண்டு முனையிலும் இருக்கும் சின்னச் சின்ன பந்து மூட்டுகள்தான் முதலில் போகும். விலை குறைந்த பாகமும் அதுதான், கழற்றுவதற்குச் சுலபமானதும் அதுதான்.

வரிசையை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அது நேராக இறங்க முடியாததால் நடுவில் ஒன்றிரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட் வைத்து வளைத்திருப்பார்கள். அதன் அடியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அது ரேக் என்ற பல் வெட்டிய நீளக் கம்பியை இடமும் வலமும் தள்ளும். ரேக்கின் இரண்டு முனையிலும் ரப்பர் பூட்டுக்குள் (பூட் என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் மூட்டை மூடும் உறை) ஒளிந்திருப்பது உள் டை ராட், பலர் ரேக் எண்ட் என்பார்கள். அதன் வெளி முனையில் டை ராட் எண்ட், அது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கையைப் பிடித்திருக்கும். நக்கிள் கீழே பால் ஜாயிண்ட் என்ற பந்து மூட்டிலும் மேலே ஸ்ட்ரட் மவுண்டிலும் நின்று சுழலும், அதற்குள் ஹப் பேரிங். நான் சொல்வது ரேக் வைத்த கார்களுக்கு. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பழைய ஜீப், லாரி வகைகளில் ரேக்குக்குப் பதில் ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும், அதில் மூட்டுகள் இன்னும் அதிகம்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் கொஞ்சம் வேலை இருக்கிறது. நான்கு டயரிலும் காற்று பாருங்கள். சிரிக்காதீர்கள், ஒரு பக்கம் இழுக்கிறது என்று வந்த வண்டிகளில் காற்றைச் சரி செய்ததோடு தீர்ந்தவை ஏராளம். வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பிறகு முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகப் போய், எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி கையை உரசினால் டோ தவறியிருக்கிறது, அதாவது இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேராகப் பார்க்கவில்லை. தேய்ந்த மூட்டு இருக்கும் வண்டியில் இது கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும்.

ஆட்டத்தை அளப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் வண்டியில் எஞ்சினை நிறுத்திவிட்டு அசைத்தால் கொஞ்சம் ஸ்பிரிங் மாதிரி கொடுக்கும். உள்ளே இருக்கும் டார்ஷன் பார் முறுக்கிக்கொள்வதுதான் அது, கோளாறு இல்லை. அதனால் எஞ்சினை ஓடவிட்டு, சக்கரங்களை நேராக வைத்து, ஜன்னல் வழியாக முன் டயரைப் பார்த்தபடி விரலால் மெல்ல அசையுங்கள். டயர் அசையத் தொடங்கும் வரை ஸ்டீயரிங்கின் விளிம்பு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். பல கார்களின் கையேட்டில் அதிகபட்சம் 30 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள், நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் அதில் பாதிகூட இருக்காது. நீங்கள் சொல்லும் இரண்டு விரல் அகலம் அந்த எல்லையை ஒட்டி வருகிறது. எனவே எங்கேயோ ஒன்று நிச்சயமாகத் தேய்ந்திருக்கிறது அல்லது லூஸாகியிருக்கிறது.

இப்போது இரண்டு பேர் வேண்டும். இதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்தப் பரிசோதனையிலும் முக்கியமானது. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், எஞ்சின் ஓட வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை வெட்டுவெட்டென்று சிறு அளவில் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கடிகாரத்தில் 11க்கும் 1க்கும் நடுவில் போதும். டயர் தரையில் அழுந்தி நிற்பதால் சுலபமாகத் திரும்பாது, அத்தனை விசையும் மூட்டுகளில் போய் விழும். நீங்கள் முன் சக்கரத்தின் பின்னால் கையை விட்டு டை ராட் எண்டைப் பிடியுங்கள். பெருவிரல் நக்கிளின் கை மேல், ஆள்காட்டி விரல் டை ராட் எண்டின் உடல் மேல், இரண்டும் அந்த மூட்டின் குறுக்கே உட்கார வேண்டும். நல்ல மூட்டு என்றால் இரண்டு விரலும் ஒன்றாக அசையும், நடுவில் எதுவும் தெரியாது. தேய்ந்த மூட்டில் ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் விரல் நுனியில் ஒரு சின்ன டிக் விழும், பேனா மூடியை அழுத்தித் திறப்பது போல. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். காதை நம்ப வேண்டாம், உலோகத்தில் சத்தம் ஓடும், இந்தப் பக்கத்து மூட்டின் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வருவது போலக் கேட்கும்.

வெளி மூட்டு முடிந்ததும் உள் மூட்டு. அது ரப்பர் பூட்டுக்குள் இருப்பதால் பூட்டை விரல்களால் அமுக்கி, உள்ளே இருக்கும் பந்து மூட்டைப் பூட்டோடு சேர்த்துப் பிடியுங்கள். அதே டிக் அங்கே தெரிந்தால் ரேக் எண்ட்தான் தேய்ந்திருக்கிறது. இதைத்தான் நிறையப் பேர் ரேக் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். ரேக் எண்ட் பெரும்பாலான கார்களில் தனியாகவே கிடைக்கும், ரேக்கைக் கழற்றாமலே மாற்றவும் முடியும்.

மூன்றாவதாக, பெடல்களுக்கு அருகில் குனிந்து தண்டின் யுனிவர்சல் ஜாயிண்டையும், அது பினியனைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் போல்ட்டையும் பாருங்கள். தண்டின் மேல் பகுதி அசைந்து கீழ்ப் பகுதி ஒரு கணம் தாமதமாக அசைந்தால் கோளாறு அங்கே. இந்த இடத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் என் வண்டியிலும் இதே ஆட்டம், இதே சத்தம். வேலைக்கு விட்ட இடத்தில் ரேக்கை மாற்றிக் கொடுத்தார்கள். ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அதே டொக் டொக். மறுநாள் காலையில் டார்ச்சை வைத்துக்கொண்டு நானே பெடலுக்கடியில் படுத்துப் பார்த்தபோது அந்த பினியன் போல்ட் அரைச் சுற்று லூஸாக இருந்தது. கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினேன், சத்தம் நின்றுவிட்டது. நன்றாக இருந்த பழைய ரேக் அதற்குள் பழைய இரும்புக்குப் போயிருந்தது. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்தது தூக்கிப் பார்ப்பது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், வண்டியைத் தாங்கி நிற்க வேண்டியது ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்காதீர்கள். முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியபின் ஒரு டயரை இடப்பக்கமும் வலப்பக்கமும் பிடித்து, கடிகாரத்தில் 9க்கும் 3க்கும், உங்களை நோக்கியும் எதிராகவும் தள்ளி இழுங்கள். இரண்டு சக்கரமும் ரேக் வழியாக ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் நீங்கள் அசைத்தால் எதிர்ப்பக்கச் சக்கரமும் உடனே அசைய வேண்டும். உங்கள் கையில் இருப்பது அசைந்து, அந்தப் பக்கத்தது அசையாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான் டை ராட் மூட்டுகளின் ஆட்டம். பிறகு மேலும் கீழும், 12க்கும் 6க்கும் பிடித்து அசையுங்கள். அதில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது ஹப் பேரிங். இரண்டில் எது என்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு அதே மாதிரி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் காணாமல் போனால் பேரிங், பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகக் கட்டுண்டுவிடுவதால் நடுவில் இருக்கும் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும், அவ்வளவுதான் இதன் சூட்சுமம். பேரிங் என்றால் சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது ஸ்பிரிங்கில் கை வைத்தால் கரகரப்பும் தெரியும்.

பால் ஜாயிண்டில் ஆட்டம் உறுதியானால் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். டை ராட் எண்ட் லூஸாக இருந்தால் ஸ்டீயரிங் தடுமாறும், பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டால் சக்கரமே மடங்கி விழும். நிறுத்தும் வேகத்தில் நடந்தால் வண்டி உட்கார்ந்துவிடும், வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டை ராட் எண்டில் வெறும் கண்ணால் பார்க்கும்போதே தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தாலும் இதே பேச்சுதான்.

பூட்டுகளை மறக்காமல் பாருங்கள். டை ராட் எண்டின் குட்டித் தொப்பி, பால் ஜாயிண்டின் தொப்பி, ரேக்கின் இரண்டு பக்கத்து மடிப்பு ரப்பர். மடிப்புகளை விரித்து உள்ளே பாருங்கள், கிழிசல் எப்போதும் மடிப்பின் குழிக்குள்தான் ஒளிந்திருக்கும். ஒருமுறை ஒரு ரேக் பூட்டை நான் அமுக்கியபோது உள்ளிருந்து துருப்பிடித்த செந்நிறத் தண்ணீர் விரல் வழியாக முழங்கை வரை வழிந்தது. பிறகு பூட்டைக் கழற்றிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய கம்பி முழுக்கப் புள்ளிப் புள்ளியாகத் துரு. அந்த ரேக்கைக் காப்பாற்ற வழியே இல்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் துரு சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். பூட்டை நேரத்தில் மாற்றியிருந்தால் அந்த ரேக் வண்டியின் ஆயுள் முழுக்க ஓடியிருக்கும். எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீயரிங்குக்கு உதவும் ஹைட்ராலிக் வண்டியில் பூட்டை அமுக்கும்போது தண்ணீருக்குப் பதில் எண்ணெய் வந்தால் ரேக்கின் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அது பூட்டுக்குள்ளேயே தேங்குவதால் தரையில் சொட்டுகூட விழாது, பானெட்டுக்குள் இருக்கும் ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவில் மட்டும் அளவு குறைந்துகொண்டே போகும்.

உங்கள் டொக் டொக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தமும் ஆட்டமும் ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சின்னச் சின்ன மேட்டில், மெதுவாகப் போகும்போது டொக் டொக் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கைத்தான், அதாவது வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டைத்தான், நான் முதலில் சந்தேகிப்பேன், அதற்கும் ஸ்டீயரிங் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டங் என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஒரு தடவை மட்டும் டொக் என்று, கூடவே வண்டி ஒரு பக்கம் நெளிந்தால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையை வண்டியோடு இணைக்கும் ரப்பர். லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டினாலே தெரிந்துவிடும், புஷ்ஷை லீவர் வைத்து நெம்பிப் பார்க்க வேண்டும், ரப்பர் கிழிந்திருந்தால் வாய் பிளக்கும்.

சரி, டை ராட் எண்ட்தான் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இதை வீட்டில் மாற்றலாம். ஒரு நல்ல ஸ்பேனர் செட், சுத்தி, டார்க் ரெஞ்ச், முடிந்தால் ஒரு பால் ஜாயிண்ட் புல்லர் இருந்தால் போதும். சக்கரத்தைக் கழற்றியதும் முதல் வேலையாக மறைகளை, அதாவது திருகு வரிகளை, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டால் நட்டின் முனை மழுங்கும், அதற்கப்புறம் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். டை ராட் எண்ட் நக்கிளில் இருக்கும்போதே, அதை டை ராட்டில் சுற்றாமல் பிடித்துவைக்கும் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் லூஸாக்குங்கள், கழற்றியபின் செய்தால் எல்லாம் சேர்ந்து சுற்றும். லாக் நட் நின்ற இடத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பிறகு மேல் நட். காஸில் நட் (தலையில் பள்ளங்கள் வெட்டியது) என்றால் அதன் குறுக்கே இருக்கும் ஸ்பிலிட் பின் என்ற கம்பியை உருவிவிட்டுக் கழற்றுங்கள், நைலான் வைத்த நட் என்றால் திரும்பப் போடும்போது புதியதுதான் போட வேண்டும். நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று மறையில் விட்டுவையுங்கள், மூட்டு திடீரென்று விடுபடும்போது கையில் விழாது. அந்த முனை கூம்பு வடிவில் நக்கிளுக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும், அதை நேராக மேலிருந்து அடித்தால் மறை கெட்டுவிடும், மூட்டு வராது. அடிக்க வேண்டிய இடம் நக்கிளின் பக்கவாட்டு, அந்தக் கூம்பு உட்கார்ந்திருக்கும் வளையத்தின் மேல். நல்ல கனமான சுத்தியால் நான்கு அடி, வளையம் ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். புல்லர் போட்டு இறுக்கிவிட்டுப் பிறகு அடித்தால் இன்னும் சுலபம். நெம்பும் கவட்டைக் கருவியும் உண்டு, ஆனால் அது பூட்டைக் கிழித்துவிடும், தூக்கிப் போடப்போகும் மூட்டுக்கு மட்டும் அது சரி.

இப்போது பழைய டை ராட் எண்டைச் சுற்றிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணுங்கள், ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்றுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பல கார்களில் அந்த மறையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர், நக்கிளின் கை சுமார் 14 சென்டிமீட்டர். ஒரே ஒரு சுற்று தவறினால் அந்தச் சக்கரம் அரை டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். கார்களுக்குச் சொல்லப்படும் டோ அளவோ டிகிரியில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற கணக்கில்தான் இருக்கும். எண்ணி ஏற்றினாலும் புதிய பாகத்தின் நீளம் பழையதிலிருந்து ஒரு மயிரிழை மாறலாம், அதனால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது, கட்டாயம். சுற்றை எண்ணுவது அலைன்மென்ட் செய்யும் இடம் வரை டயரைக் கெடுக்காமல் ஓட்டிக்கொண்டு போவதற்கு மட்டுமே.

கூம்பையும் அது உட்காரும் துளையையும் துணியால் துடைத்து உலர்வாக வையுங்கள், எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. நட்டை இறுக்கும்போது உள்ளே பந்தும் சேர்ந்து சுற்றினால் கீழிருந்து ஜாக்கியால் மூட்டை லேசாக மேலே அழுத்திக்கொடுங்கள், கூம்பு கவ்விக்கொள்ளும். இறுக்கும் அளவு பெரும்பாலும் 40 முதல் 60 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் காருக்கு உரிய சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காஸில் நட்டின் பள்ளமும் பின்னின் துளையும் நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், லூஸாக்கி நேராக்கக் கூடாது. பழைய ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், உங்கள் உயிர் அந்தச் சின்னக் கம்பியில்தான் தொங்குகிறது. கடைசியாக லாக் நட்டை இறுக்க மறந்து வண்டியை வெளியே எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே கிளம்பும் முன் இரண்டு பக்கமும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

ரேக் எண்ட் மாற்றுவதும் இதைப் போலத்தான், ஆனால் பூட்டைக் கழற்ற வேண்டும், அதற்கென்று நீளமான குழல் போன்ற கருவி இருந்தால் வேலை நிமிடங்களில் முடியும். சிலர் பைப் ரெஞ்ச் போட்டு ரேக் கம்பியின் பளபளப்பான பகுதியைப் பிடிப்பார்கள், அந்த ஒரு கீறல் போதும் சீல் போவதற்கு. பிடிக்க வேண்டியிருந்தால் பல் இருக்கும் பகுதியில்தான், அதுவும் சரியான ஸ்பேனரால்.

அலைன்மென்ட்டில் நான் அடிக்கடி பார்ப்பது வரிசை தவறுவது. தேய்ந்த மூட்டோடு செய்த அலைன்மென்ட் வீண், அடுத்த பள்ளத்தில் மாறிவிடும். முதலில் காற்று, பிறகு தேய்ந்த பாகங்கள், அதன் பிறகுதான் அலைன்மென்ட். முடித்தபின் ஸ்டீயரிங் கோணலாக நின்றால் இரண்டு டை ராட்டையும் சம அளவு எதிரெதிராகத் திருப்பித்தான் நேராக்க வேண்டும், ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவது தப்பு. அப்படிச் செய்தால் ரேக்கின் நடுப்புள்ளி தள்ளிப்போகும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டிகளில் அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்கு அமைக்க வேண்டியும் வரலாம். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவதற்குப் பெரும்பாலும் அலைன்மென்ட் காரணம் இல்லை, அதற்கு வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது.

ஒரு பக்கம் இழுப்பதற்கு இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டிய டயராக இல்லாத பட்சத்தில். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. மாறாவிட்டால், பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் இரண்டு முன் சக்கரத்துக்கும் அருகே கையை நீட்டிச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லை என்றால்தான் அலைன்மென்ட்டுக்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் வர வேண்டும்.

உதவி தரும் பகுதி, அதாவது பவர் ஸ்டீயரிங். ஹைட்ராலிக் உதவியோடு விற்பனைக்கு வந்த முதல் கார் 1951 கிரைஸ்லர் இம்பீரியல். எலக்ட்ரிக் முறை 1988இல் சுசுகி செர்வோவில் வந்தது. இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலும் எலக்ட்ரிக்தான். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் பானெட்டைத் திறந்து பாருங்கள், ஸ்டீயரிங் எண்ணெய் டப்பா இருந்தால் ஹைட்ராலிக்.

ஹைட்ராலிக்கில் திருப்பும்போது முனகல் சத்தம் வந்தால் எண்ணெய் அளவைப் பாருங்கள். நுரைத்துப் பால் மாதிரி இருந்தால் காற்று நுழைந்திருக்கிறது, கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது. எந்த எண்ணெய் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், சிலவற்றுக்கு ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், சிலவற்றுக்குத் தனி வகை, கலந்து ஊற்றினால் சீல் கெடும். காற்றை வெளியேற்ற முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினைப் போடாமல், ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாக இருபது தடவை திருப்பி, அளவு குறையக் குறைய ஊற்றுங்கள், அப்புறம் எஞ்சினைப் போட்டு அதையே செய்யுங்கள். கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள், பம்ப் முழு அழுத்தத்தில் தவித்துக்கொண்டிருக்கும்.

எலக்ட்ரிக்கில் திடீரென்று கனமாகி மஞ்சள் விளக்கு எரிந்தால் உடனே மோட்டார் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், முதலில் பேட்டரி. இந்த மோட்டார் நின்ற இடத்தில் திருப்பும்போது மிக அதிகக் கரண்ட் இழுக்கும், மின்னழுத்தம் இறங்கினால் கணினி உதவியைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா, பேட்டரி முனைகளில் பூஞ்சை போல வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய இடத்தில் முன்னும் பின்னுமாக நிறையத் தடவை திருப்பி நிறுத்தியபின் கனமானால் சூட்டுக்குத் தன்னைக் காத்துக்கொள்கிறது, ஆறியதும் சரியாகும். அதற்கும் மேல் போனால் ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும், ஊகத்தில் பாகம் மாற்றுவது இங்கே மிகவும் செலவாகும்.

ஸ்டீயரிங் திரும்பியபின் தானாக நடுவுக்கு வராவிட்டால் எதுவோ இறுகியிருக்கிறது. யுனிவர்சல் ஜாயிண்ட் காய்ந்து போனால் ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் இளகும், கையில் தெளிவாகத் தெரியும். இன்னொரு காரணம் மனிதர்கள் செய்வது. ரேக்கின் உடலில் பினியனுக்கு எதிரே ஒரு அட்ஜஸ்டர் திருகு இருக்கும், ஆட்டம் குறையட்டும் என்று அதை இறுக்கிவிடுவார்கள். ரேக் நடுவில்தான் அதிகம் தேயும், ஓரங்களில் தேயாது. நடுவில் சரியாக இருக்கும்படி இறுக்கினால் ஓரத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும், திருப்பத்தில் ஸ்டீயரிங் திரும்பி வராமல் நின்றுவிடும். கையேடு சொல்லும் முறையைத் தவிர அதைத் தொடாதீர்கள்.

ரேக்கையே மாற்ற வேண்டியது எப்போது என்றால், கம்பியில் துரு, உள் சீல் கசிவு, எல்லா மூட்டும் நன்றாக இருந்தும் பினியன் உள்ளே போகும் இடத்தில் விரலுக்குத் தெரியும் ஆட்டம், அல்லது ரேக் கம்பியே மேலும் கீழும் ஆடும் அளவுக்குப் புஷ் தேய்ந்திருப்பது. ரேக்கை வண்டியோடு பிடிக்கும் போல்ட்டும் ரப்பரும் லூஸாகி மொத்த ரேக்கும் நகர்வதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஒரு ஸ்பேனர் வேலை. ரேக்கை இறக்குவதாக இருந்தால் பட்டறைக்கு விடுங்கள், ஆனால் இரண்டு விஷயத்தைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தண்டைப் பிரிக்கும் முன் பினியனிலும் ஜாயிண்டிலும் குறிபோட வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து சீட் பெல்ட்டால் கட்டிவிட வேண்டும், தண்டு பிரிந்திருக்கும்போது யாராவது ஸ்டீயரிங்கைச் சுற்றிவிட்டால் உள்ளே ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா அறுந்து ஏர்பேக் விளக்கு எரியும். ஸ்டீயரிங் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருந்தால் பேட்டரியின் மைனஸ் முனையை எடுத்துவிட்டு, கையேடு சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் ஏர்பேக்கில் கை வைக்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு என் கணிப்பு, ஒரு பக்க டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட், கூடவே ஒரு ஸ்டெபிலைசர் லிங்க். கணிப்புதான், உங்கள் விரல்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். காலையில் ஒருவரை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து அந்த நான்கு மூட்டையும் பினியன் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள், இருபது நிமிடம் ஆகும். டிக் எங்கே விழுகிறது என்று தெரிந்தபின் அதே பட்டறைக்குப் போய், அந்த மூட்டை அவர் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.